கண்ணில் நெல் பட்டால்

1879ஆம் ஆண்டு ஜெர்மனியில் தியோடர் லேபர் என்னும் கண் மருத்துவர் ஒரு விவசாயியின் கருவிழிப் புண்ணை ஆராய்ந்து எழுதினார். கதிரடிக்கும் வேளையில் தானியத்தின் உமி தெறித்து அந்த விவசாயியின் கண்ணில் பட்டிருந்தது. சில நாட்களில் கருவிழி வெளுத்து, அதன் பின்னால் சீழ் கட்டியது. புண்ணிலிருந்து எடுத்த திசுவில் லேபர் கண்டவை ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் இழைகள். மனிதரின் கருவிழிக்குள் பூஞ்சை வளர்ந்து கண்ணை அழிக்கக்கூடும் என்பதற்கு மருத்துவ ஏடுகளில் கிடைக்கும் முதல் பதிவு அதுவே. ஊரின் பெயரையும் பயிரின் பெயரையும் மட்டும் மாற்றிவிட்டால், தை மாத அறுவடையின்போது தஞ்சை மாவட்டத்தில் எழுதப்பட்ட நோய்க்குறிப்பாகவே அதை வாசித்துவிடலாம்.

நான் கால்நடை மருத்துவர். பிறந்தது காவிரிப் படுகையில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில். இந்த நோயைக் குதிரையின் கண்ணிலும் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டு மனிதர் ஒருவரின் கண்ணிலும் பார்த்திருக்கிறேன். குதிரையிடமிருந்து மனிதருக்கோ மனிதரிடமிருந்து குதிரைக்கோ இது தொற்றுவதில்லை. இருவருக்கும் பூஞ்சை வருவது ஒரே இடத்திலிருந்து, அதாவது வைக்கோல், பதர், மண், காய்ந்த இலை ஆகியவற்றிலிருந்து. இருவருக்கும் கண் பறிபோவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: முதல் சில நாட்களில் அந்தக் கண்ணில் எந்தச் சொட்டு மருந்து விழுந்தது, புண்ணை யாராவது சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையே பின்னால் நடப்பதில் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. பெரிய மருத்துவமனையின் வாசலை மிதிப்பதற்கு முன்பே பாதி முடிவு எழுதப்பட்டுவிடும் நோய் இது.

கருவிழி என்று நாம் சொல்வது உண்மையில் கண்ணாடி போன்ற, நிறமற்ற ஒரு படலம். பின்னால், கண்மணியைச் சுற்றி நிற வளையமாக இருக்கும் கதிராளியின் நிறமே வெளியே தெரிகிறது. மனிதருக்கு அதன் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமன்; குதிரைக்கு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். ஒளி தடையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காக அங்கே இரத்தக் குழாய்களே கிடையாது. பார்வைக்கு வசதியான இந்த ஏற்பாடு நோய்த்தொற்றின்போது பெரும் பலவீனமாகிறது, ஏனெனில் இரத்தம் வழியாக வரவேண்டிய பாதுகாப்பு அணுக்கள் ஓரத்திலிருந்தும் கண்ணீர் வழியாகவும் ஊர்ந்துதான் நடுப்பகுதிக்கு வந்து சேரவேண்டும். ஆனால் மேற்புறத் தோல் அடுக்கு முழுமையாக இருக்கும்வரை இழைப் பூஞ்சைகளால் உள்ளே நுழைய முடிவதில்லை. கண் இமைப்பதும், கண்ணீர் ஓடுவதும், அந்த மெல்லிய அடுக்கும் சேர்ந்து, நாள் முழுவதும் தூசியில் நிற்பவர்களின் கண்களைக்கூட ஆண்டுக்கணக்கில் காப்பாற்றிவிடுகின்றன. ஒரு சுணை கீறினால் அந்தக் காவல் அங்கே உடைகிறது. கீறிய பொருளே பூஞ்சையின் வித்துக்களையும் சுமந்து வந்திருந்தால் கதவைத் திறந்தவனும் உள்ளே நுழைந்தவனும் ஒருவனே என்றாகிவிடுகிறது.

உள்ளே சென்ற பூஞ்சை பாக்டீரியாவைப்போல வேகமாகப் பெருகிப் பரவுவதில்லை. இழைகளாக நீண்டு, கருவிழியின் நார் அடுக்குகளுக்கு இடையே வழி பிளந்துகொண்டு, தன் நொதிகளால் திசுவைக் கரைத்தபடி மெல்ல நகர்கிறது. பாக்டீரியாக்கள் எளிதில் துளைக்க முடியாத டெஸ்மெட் படலம் என்ற உள்ளடுக்கையும், அது கிழியாமல் இருக்கும்போதே, பூஞ்சை இழைகள் ஊடுருவிச் சென்று, கருவிழிக்குப் பின்னால் நீர் நிரம்பியிருக்கும் முன்னறைக்குள் எட்டிப்பார்க்க வல்லவை. இந்த மெதுவான நடைதான் நோயாளியை ஏமாற்றுகிறது. அடிபட்ட அன்று உறுத்தல், கண்ணீர், சிவப்பு. மறுநாள் சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றும். ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் கருவிழியில் சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளி தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் நெல் தெறித்த சம்பவத்தையே பலர் மறந்திருப்பார்கள்.

என் பெரியப்பாவுக்கு நடந்தது இப்படித்தான். களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது காற்று திரும்பி, பதரும் தூசியும் முகத்தில் அடித்தன. துண்டின் முனையை ஈரமாக்கிக் கண்ணைத் துடைத்தார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மூன்றாம் நாள் கடைத்தெரு மருந்துக்கடையில் கேட்டுக் கண் சொட்டு மருந்து ஒன்றை வாங்கினார். அது நுண்ணுயிர்க்கொல்லியும் ஸ்டீராய்டும் கலந்த மருந்து. இரண்டு வேளையிலேயே சிவப்பு வடிந்தது. நான் தொலைபேசியில் கேட்டபோது, “நேத்தைக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவலடா தம்பி, நீ ஒண்ணும் மெனக்கெட்டு வராதே” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு அப்போது உண்மையிலேயே தேவலாம் போலத்தான் இருந்தது.

ஸ்டீராய்டு செய்யும் வேலை அதுதான். அழற்சியை அடக்கும், வலியும் சிவப்பும் வீக்கமும் குறையும், ஆனால் அந்த அழற்சி என்பதே பூஞ்சை இழைகளைச் சுற்றிவளைத்துப் பிடித்து வைத்திருக்கும் வெள்ளணுக்களின் போர். போர்வீரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டால் சத்தம் அடங்கும், எதிரி முன்னேறுவான். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டுக் குப்பிகள் சீட்டில்லாமல் கைக்குக் கிடைப்பதும், கண் சிவந்தால் எல்லாவற்றுக்கும் அதே குப்பி என்பதும் நம் ஊரில் இந்த நோயைப் பெரிதாக்கும் பழக்கங்கள். நாட்டு மருந்துகளைக் கண் மருத்துவர்கள் கடிந்துகொள்வது சரியே. ஆமணக்கெண்ணெயும் இலைச்சாறும் கீறிய கருவிழிக்குப் புதிய கிருமிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் என் கணிப்பில் அவற்றைவிடக் கேடு அதிகம் விளைவிப்பது முத்திரையும் காலாவதித் தேதியும் அச்சிட்ட அந்தச் சிறு பிளாஸ்டிக் குப்பிதான், ஏனெனில் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பெரியப்பாவின் கண்ணை ஸ்லிட் லாம்ப் என்ற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியில் பார்த்தபோது, பாடப்புத்தகத்தில் இருக்கும் எல்லா அடையாளங்களும் இருந்தன என்று அங்கிருந்த மருத்துவர் எனக்கு விளக்கினார்: இறகு விளிம்புபோலச் சிதறிய ஓரம், சற்றே மேடிட்டு உலர்ந்த மேற்பரப்பு, பெரிய புண்ணைச் சுற்றிச் சிறு வெண்புள்ளிகள், முன்னறையின் அடியில் படிந்த சீழ். இந்த அடையாளங்களை மட்டும் நம்பலாமா என்றால் கூடாது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கருவிழி நோய்களில் தனிப்பயிற்சி பெற்ற 15 மருத்துவர்களிடம் 80 புண்களின் படங்களைக் காட்டி, இது பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டார்கள். 100க்கு 66 தடவைதான் அவர்கள் விடை சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 கிடைத்துவிடும் என்னும்போது, வாழ்நாள் முழுவதும் கருவிழியையே பார்ப்பவர்களின் கண்பார்வை அதற்கு மேல் சேர்ப்பது அவ்வளவுதான். அப்படியிருக்க, மருந்துக்கடைக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கண்ணை விலக்கிப் பார்த்து மருந்து எடுத்துக்கொடுப்பதைப் பற்றி என்ன சொல்வது?

இத்தனைக்கும் விடையைக் கண்டுபிடிக்கும் வழி எளியது, மலிவானது. மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, புண்ணின் ஓரத்தையும் அடியையும் சிறு கத்தியாலோ தட்டைக் கரண்டியாலோ சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தேய்த்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு மூடினால் போதும். அந்தக் காரம் திசுவின் அணுக்களைத் தெளியவைத்துவிடும். பூஞ்சையின் சுவர் கரையாமல் நிற்கும். குறுக்குச் சுவர்களுடன் கிளை பிரியும் இழைகள் நுண்ணோக்கியில் தெரியும். சில நிமிடங்களில் கிடைக்கும் இந்த விடைக்குச் சாதாரண நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் இருந்தால் ஆயிற்று. எந்த வகைப் பூஞ்சை என்று அறிய, பூஞ்சை வளர்ப்பதற்கான சபுரோ அகார் என்ற ஊட்டக்கூழ்த் தட்டில் வளர்க்கவேண்டும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆனால் சிகிச்சையைத் தொடங்க இழை இருக்கிறதா இல்லையா என்பதே போதும். கல்லூரியில் மாட்டின் சொறி படைக்குத் தோல் சுரண்டிப் பார்க்க நாங்கள் கற்றதும் இதே காரத்துளியைக் கொண்டுதான்.

நம் பகுதியில் இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்பதற்கு எண்கள் இருக்கின்றன. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு 1,00,000 பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் கண்ட விகிதம் அதில் பத்தில் ஒரு பங்குதான். அடுத்த ஆண்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் எம். ஸ்ரீனிவாசன் குழுவினர், மூன்று மாதங்களில் அங்கே வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 100க்கு 65 பேருக்குக் கண்ணில் அடிபட்டதே தொடக்கம். கிருமி வளர்ந்த புண்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதி. பூஞ்சைகளில் ஃப்யூசேரியம் முதலிடம், ஆஸ்பர்ஜில்லஸ் அதற்கடுத்து. திருச்சிராப்பள்ளி ஜோசப் கண் மருத்துவமனையின் டாக்டர் பிலிப் தாமஸ் பங்கேற்று 2002இல் வெளியான ஆய்வு, தென்னிந்தியாவையும் ஆப்பிரிக்காவின் கானாவையும் ஒப்பிட்டது. இரு இடங்களிலும் புண்களில் பெரும்பங்கு பூஞ்சையால் வந்தது. சூடும் ஈரமும் வயல்வேலையும் சேரும் இடங்களில் எல்லாம் இதே கதை. உலக அளவில் ஆண்டுக்கு 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்கள் இதற்கு ஆளாகின்றன என்பது 2021இல் வந்த மதிப்பீடு.

எதனால் அடிபட்டது என்று நோயாளிகள் சொல்லும் பட்டியலைப் படித்தால் ஒரு கிராமத்தின் ஆண்டுச் சுற்றே தெரியும்: நெல், கரும்புத் தோகை, சோளத் தட்டை, மரக்கிளை, முள், காற்றில் வரும் மண். பால் கறக்க உட்கார்ந்தவரின் முகத்தில் அடிக்கும் மாட்டு வாலும் தமிழக மருத்துவர்களின் பட்டியலில் இருக்கிறது. ஈ ஓட்ட வீசும் அந்த வாலில் சாணமும் மண்ணும் ஒட்டிக் காய்ந்திருக்கும் என்பது தொழுவத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிர்நாடுகளில் நிலைமை வேறு. அங்கே கேண்டிடா போன்ற ஈஸ்ட் வகைகள், ஏற்கெனவே நலிந்த கண்களிலும் அறுவைசிகிச்சை செய்த கண்களிலும் புகுந்துகொள்கின்றன. வயலையே மிதிக்காதவர்களுக்கும் ஃப்யூசேரியம் வரும் என்பதை 2005, 2006ஆம் ஆண்டுகள் காட்டின. சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களிடையே இந்தப் புண் திடீரெனப் பெருகியது. விசாரணை பாஷ் அண்ட் லாம் நிறுவனத்தின் ‘ரெனு வித் மாய்ஸ்சர்லாக்’ என்ற லென்ஸ் கழுவும் திரவத்தில் சென்று நின்றது. 2006 மே மாதத்தில் அந்தத் திரவத்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள்.

இனி குதிரை. விலங்குகளில் இந்த நோய்க்கு மிக எளிதில் ஆளாவது குதிரைதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் குதிரைக் கண் மருத்துவம் என்றாலே பாதி பூஞ்சைப் புண்தான் என்னும் அளவுக்கு அனுபவம் சேர்ந்திருக்கிறது. காரணங்களை ஊகிப்பது கடினமில்லை. கண்கள் பெரியவை, தலையின் இரு பக்கமும் புடைத்து நிற்பவை, உலர்புல்லுக்குள் முகத்தைப் புதைத்துத் தின்னும் பழக்கம், லாயத்தின் தூசி, போதாக்குறைக்கு, நோயில்லாத குதிரையின் இமைச்சவ்வைத் துடைத்து வளர்த்துப் பார்த்தால்கூட அடிக்கடி பூஞ்சை வளரும். புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லியை நெடுநாள் விட்டுக்கொண்டே இருந்தால் பாக்டீரியா ஒழிந்து பூஞ்சைக்கு இடம் அகன்றுபோகும். ஸ்டீராய்டு விட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னேன், குதிரைக்கும் அதில் மாற்றமில்லை.

சென்னைக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பயிற்சிக்கூடத்தில் நான் பார்த்த பெட்டைக்குதிரை ஒன்று நினைவுக்கு வருகிறது. “ரெண்டு நாளா வெளிச்சத்தப் பாத்தாலே கண்ண மூடிக்குது டாக்டர், இமைமுடி கீழப் பாத்துத் தொங்குது” என்று அதைக் கவனித்துக்கொண்ட சைஸ் சொன்னார். மேல் இமையின் முடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது குதிரைக்கண் வலியின் நுட்பமான அளவுகோல். வலியிருக்கும் பக்கத்தில் அது தாழ்ந்திருக்கும். இதைப் புத்தகம் படிக்காமலேயே கண்டுபிடித்திருந்த அந்த மனிதரால்தான் அந்தக் கண் பிழைத்தது என்று இன்றும் நினைக்கிறேன். புண் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃப்ளோரசின் சாயம் விட்டதும் கருவிழியின் கீழ்ப்பாதியில் பச்சையாக ஒரு திட்டு ஒளிர்ந்தது. சுரண்டி எடுத்ததில் இழைகள் தெரிந்தன.

குதிரைக்கு வைத்தியம் செய்வது தனிக்கலை. மணிக்கொரு தடவை அரை டன் எடையுள்ள, கண்வலியில் இருக்கும் ஒரு விலங்கின் இமையைப் பிரித்துச் சொட்டு விடுவது நடக்கிற காரியமில்லை. ஆகவே மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றை இமையின் ஊடாகச் செலுத்தி, அதன் முனை இமைக்கு அடியில் திறக்கும்படி தைத்து, மறுமுனையைப் பிடரி மயிரோடு பின்னிக் கழுத்து வழியாகத் தோள்மேடு வரை கொண்டுவந்துவிடுவோம். மருந்தைத் தோள் அருகில் நின்று ஊசிக்குழலால் செலுத்தி, பின்னாலேயே சிறிது காற்றைத் தள்ளினால் அது கண்ணில் போய்ச் சேரும். குதிரைக்குத் தன் கண்ணை யாரோ தொடுகிறார்கள் என்ற அச்சமே வராது. திசு கரைந்து கூழாவதைத் தடுக்கக் குதிரையின் சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தையே அதே குழாய் வழியாக விடுவோம். கருவிழியை உருக்கும் நொதிகளை அடக்கும் புரதங்கள் அதில் இருக்கின்றன. கண்மணியை விரிக்க விடும் அட்ரோபின் குடலையும் மந்தமாக்கி வயிற்றுவலியில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதால், நாளுக்குப் பலமுறை விலாவில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்கவேண்டும். பூஞ்சைக்கொல்லி தொடங்கிய முதல் ஓரிரு நாட்களில், சாகும் பூஞ்சையால் கண்ணுக்குள் அழற்சி கூடிக் கண் முன்பைவிட மோசமாகத் தெரியும். உரிமையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர் அடுத்த நாள் வேலையை இழப்பார்.

நாய்க்கும் பூனைக்கும் பூஞ்சைப் புண் அரிது. சென்னையில் வீட்டுக்கு வீடு வளரும் பக் நாய்களுக்குக் கருவிழிப் புண் சர்வசாதாரணம்தான், ஆனால் பிதுங்கிய கண்ணும் வறண்ட கண்ணீரும் பாக்டீரியாவும் அவற்றின் காரணங்கள். மாடுகளில் கண் வெளுத்து நீர் வடிந்தால் முதலில் நினைக்கவேண்டியது ஈக்கள் பரப்பும் மொராக்செல்லா போவிஸ் என்ற பாக்டீரியாவையே. அது மந்தையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும், பூஞ்சைப் புண் தொற்றாது.

மனிதருக்கும் குதிரைக்கும் பொதுவான மருந்து நேட்டாமைசின். 1950களில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மாநில மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரில் கண்டுபிடித்தது. பாலாடைக்கட்டியின்மேல் பூசணம் பூக்காமல் இருக்க இன்றும் அதைத் தடவுகிறார்கள். கண்ணுக்கான 5 சதவீதக் கலவையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1978இல் அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் அது சேர 2017 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. பால்போல வெளுத்த, அடியில் படிகிற மருந்து அது. குப்பியைக் குலுக்காமல் விட்டால் வெறும் நீரே விழும். மேல்தோல் முழுமையாக இருந்தால் உள்ளே அவ்வளவாக இறங்காது. எனவே, ஆழமாக ஊடுருவக்கூடிய, புதிய மருந்தான வோரிகோனசோல் வந்தபோது பழையதை ஓரங்கட்டிவிடலாம் என்று பலர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

அந்த எதிர்பார்ப்பைச் சோதித்தது தமிழ்நாடு. அரவிந்த் மருத்துவமனைகளும் சான்பிரான்சிஸ்கோவின் பிராக்டர் கண் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய இடங்களில் 323 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நேட்டாமைசினும் மற்றதற்கு வோரிகோனசோலும், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை வீதம் முதல் வாரம் முழுவதும் விட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. 2013இல் முடிவு வெளியானது. மூன்று மாத முடிவில் நேட்டாமைசின் பிரிவினரின் பார்வை மேலாக இருந்தது. கருவிழி ஓட்டையாவதும் அவர்களுக்கே குறைவு. ஃப்யூசேரியம் புண்களில் மட்டும் பார்த்தால் பார்வைப் பலகையில் சுமார் நான்கு வரிகள் வித்தியாசம். மற்றப் பூஞ்சைகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆழமாக இறங்கும் மருந்தே வெல்லும் என்ற, கேட்பதற்கு மிகவும் நியாயமான வாதம் 323 கண்களின் முன்னால் தோற்றது. அடுத்து மிகவும் முற்றிய 240 நோயாளிகளுக்குச் சொட்டுகளோடு வோரிகோனசோல் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த அந்த முடிவில் மாத்திரையால் பொதுவாகப் பயன் தெரியவில்லை, பக்கவிளைவுகள் கூடின. நேபாளத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிச் சொட்டை நேட்டாமைசினுக்கு மாற்றாக வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்டபோதும் வென்றது பழைய பால்மருந்துதான்.

முற்றிய புண்ணுக்கு இவை எதுவும் போதுவதில்லை. தானமாகப் பெற்ற கருவிழியை வைத்துத் தைக்கும் மாற்று அறுவையே கடைசி வழி. அதையும் பார்வைக்காகச் செய்வதில்லை, கண்ணே வெடித்துப் போகாமல் காக்கச் செய்கிறார்கள். சிவந்து கொதிக்கும் கண்ணில் வைக்கும் திசு பல சமயம் தெளிவாக நிற்பதில்லை. ஓரத்தில் ஓர் இழை தப்பியிருந்தாலும் பூஞ்சை திரும்பும். என் பெரியப்பாவுக்கு அதுதான் நடந்தது. கண் உருண்டை தப்பியது, பார்வை வெளிச்சம் தெரியும் அளவில் நின்றது. இப்போது வண்டி ஓட்டுவதில்லை, வரப்பில் நடக்கும்போது வலப்பக்கம் யாராவது வந்தால் குரல் கொடுக்கச் சொல்கிறார்.

ஆகையால் முதல் மணிநேரங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளே எனக்கு எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவையாகத் தெரிகின்றன. நேபாளத்தின் பக்தபூரில் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவிழியில் சிராய்ப்பு ஏற்பட்டவர்களுக்கு 1 சதவீதக் குளோராம்ஃபெனிகால் என்ற பாக்டீரியாக்கொல்லிக் களிம்பை நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாட்களுக்குத் தடவினார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில் 442 சிராய்ப்புகளில் 424 புண்ணாகாமல் ஆறின. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாளுக்கு மேல் தாமதித்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வந்தது. பின்னர் தென்னிந்தியக் கிராமங்களில் களிம்போடு பூஞ்சைக்கொல்லியையும் சேர்த்தால் கூடுதல் பயன் உண்டா என்று பார்த்தார்கள். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் சிராய்ப்புகள் ஒன்றுபோலவே ஆறின. மேல்தோல் விரைவாக மூடிக்கொண்டால் பூஞ்சைக்கும் வழி அடைபடுகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் நேபாளத்தில் இதையே மிகப் பெரிய அளவில், ஊர்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வந்தபோது, தொண்டர்கள் இருந்த ஊர்களிலும் புண்களின் எண்ணிக்கை குறையவில்லை. களிம்பு கையில் இருப்பது மட்டும் போதாது. கண்ணில் ஏதோ பட்டது என்று அன்றே வந்து சொல்ல வேண்டும், அதைத்தான் யாரும் செய்வதில்லை. அறுவடை நாளின் கூலியை விட்டுவிட்டு உறுத்தலுக்காக யார் நடந்து போவார்கள்?

எங்கள் பக்கம் இப்போது கதிரடிப்பதும் தூற்றுவதும் பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை. ஆனாலும் இயந்திரம் கக்கும் தூசிக்குள் நின்று சாக்கைப் பிடிப்பவரும், வைக்கோலை உருட்டிக் கட்டுபவரும் மனிதர்களே. சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலை செய்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். குதிரைக்கு ஈ மறைப்பு வலை மாட்டச் சொன்னால் உடனே வாங்கிவிடுகிறார்கள், குதிரையின் விலை அப்படி.

கால்நடை மருத்துவர்களாகிய எங்களுக்கு இதில் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. குதிரைகளில் 323 கண்களை இரு பிரிவாக்கி யாரும் சோதித்ததில்லை. எங்களிடம் இருப்பவை சிகிச்சைத் தொகுப்புகளும் ஆய்வுக்கூடத் தட்டுகளும்தான். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் குதிரைக் கண்களிலிருந்து எடுத்த பூஞ்சைகளைத் தட்டில் சோதித்தபோது வோரிகோனசோலுக்கே அவை எளிதில் அடங்கின. 1 சதவீதச் சொட்டு குதிரையின் கருவிழியைக் கடந்து முன்னறை நீர்வரை செல்கிறது என்பதும் அளந்து அறியப்பட்டது. குதிரைப் பூஞ்சையோ ஆழத்தை, டெஸ்மெட் படலத்தை ஒட்டிய பகுதியை, நாடிச் செல்லும் இயல்புடையது. மேலே புண் மூடியபின்னும் அடியில் சீழ்க்கட்டியாக இருந்துவிடும். ஆகவே குதிரை மருத்துவர்களில் பலர் வோரிகோனசோலைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். 323 நோயாளிகளின் அந்த ஆய்வைப் படித்தபின் எனக்கு அந்த உறுதி வரவில்லை, ஏனெனில் தட்டில் வென்றதும் ஆழத்தில் இறங்கியதும் மனிதக் கண்ணில் தோற்றதை அதே ஆய்வு காட்டிவிட்டது. இப்போது நான் செய்வது இதுதான்: புண் மேலாக, திறந்து இருந்தால் நேட்டாமைசின், மேல்தோல் மூடி அடியில் கட்டியிருந்தால் வோரிகோனசோல், எதுவானாலும் முதலில் சுரண்டி, சில்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பிறகே.